சுத்தமாக வரவும்

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. "வாங்க வாங்க", "அடேயப்பா, இத்தனை பேரா!" என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது, "அங்கிருந்து யாராவது பதில் சொல்றாங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். சளி, சிறுநீர், சீழ் என்று சகலத்தையும் பார்த்துப் பழகிய லேப் டெக்னீஷியன் நான். இருந்தும், அடையாற்றில் ஒரு மாடியில் நடந்த அந்தச் சின்ன ஆராய்ச்சி கிளினிக்கில் சேர்ந்த பிறகுதான் காலையில் வேலைக்கு ஓட ஆரம்பித்தேன். மயிலாப்பூரில் பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லாமல் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

அங்கே நாங்கள் பார்த்தது இளம்பெண்களின் பிறப்புறுப்பில் குடியிருக்கும் கிருமிகளை. முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நானும் சுளித்தேன். கிருமி என்றால் கெட்டது, அழித்தால்தான் நிம்மதி என்று வளர்ந்தவள் நான். கிளினிக்கை நடத்திய டாக்டரம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டு எனக்குச் சொன்னார். பெண்ணுக்குள் ஒரு நல்ல கிருமிக் கூட்டம் இருக்கிறது. நம் வீட்டில் பாலைத் தயிராக்கும் கிருமிக்கு நெருங்கிய சொந்தம். அது ஓயாமல் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாகவே வைத்திருக்கும். புளிப்பு இருக்கும்வரை வேண்டாத கிருமிகள் அங்கே காலூன்றுவது கஷ்டம். அந்தக் கூட்டம் போய்விட்டால் வேறு வகைகள் மொய்க்கும், உட்பக்கம் அழற்சி கண்டு சிவக்கும், உடம்பு பதறிப்போய்த் தன் வெள்ளணுக்களை அங்கே காவலுக்கு அனுப்பும். எச்.ஐ.வி. வைரஸ் தேடிக்கொண்டு வருவதே அந்த வெள்ளணுக்களில் ஒரு வகையைத்தான்.

"வாசல்லயே கிடைச்சுடுது அதுக்கு. உள்ள வரைக்கும் தேடிண்டு போக வேண்டியதே இல்லை" என்றார் டாக்டரம்மா.

எனக்குக் கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது. இத்தனை வருடம் வேலை செய்து, இப்படி ஒரு காவல் எனக்குள்ளேயே நடக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "சேசுவே, சாப்பிடுற நேரத்துல பேசுற பேச்சா இது?" என்று தட்டோடு ஹாலுக்குப் போய்விட்டார்.

வேலை இதுதான். பெண்கள் சனிக்கிழமைகளில் வருவார்கள். டாக்டரம்மா பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார். நான் அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றிப் பார்த்து எழுத வேண்டும். நல்ல கூட்டம் இருந்தால் ஊதா நிறத்தில் நீளநீளமான குச்சிகளாகத் தெரியும். இல்லாவிட்டால் சிவப்புப் பொடியைக் கொட்டியதுபோல் புள்ளிகள் மொய்க்கும். எச்.ஐ.வி. சோதனையும் உண்டு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிடம் காத்திருப்பு, சோதனைப் பட்டையில் ஒரு கோடு வந்தால் நோய் இல்லை, இரண்டு வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இதோடு, பெண்களிடம் கேள்விகள் கேட்டுப் படிவம் நிரப்புவதும் என் பொறுப்பு. கோட்டூர்புரத்து ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து நடந்தே வந்தவர்கள் உண்டு. அங்கிருந்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர்களும் உண்டு.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுப்போம். முன்பக்கம் தேதியும் நேரமும். பின்பக்கம் காலியாகக் கிடந்தது. எனக்குக் காலியிடம் ஆகாது. "குளித்துவிட்டுச் சுத்தமாக வரவும்" என்று என் குண்டுகுண்டான கையெழுத்தில் எழுதி, அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் கேட்கவும் இல்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எங்கள் வீட்டில் டாக்டரைப் பார்க்கப் போவது பூசைக்குப் போவதுபோலத்தான். தலைக்குக் குளித்து, துவைத்த உள்பாவாடை கட்டி, கழுத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போவோம். மாதவிலக்கு முடிகிற அன்று பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, "ஒரு மூடி மருந்து ஊத்தி உள்ளேயும் நல்லா கழுவிட்டு வா" என்று அம்மா சொல்வார். மருந்து என்றால் அந்தப் பழுப்பு நிறக் கிருமிநாசினி. அந்த வாசனை வந்தால்தான் எங்களுக்குக் குளித்ததாகவே அர்த்தம்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. சோப்போ கிருமிநாசினியோ போட்டு உட்பக்கம் கழுவுவீர்களா என்று. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை எதிரில் உட்காரவைத்து இதை வாய்விட்டுக் கேட்க எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் இரண்டு பேரிடம் குனிந்துகொண்டே முணுமுணுத்தேன். அவர்களும் குனிந்துகொண்டே தலையை ஆட்டினார்கள். மூன்றாவது பெண்ணிலிருந்து, கேட்காமலேயே "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். இன்றைக்கு எழுதும்போதும் காது சூடாகிறது.

அப்படி நான் கேட்காமல் விட்ட பெண்களில் ஒருத்தி நன்றாக நினைவில் இருக்கிறாள். இருபத்திரண்டு வயது. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் நின்ற கால் நின்றபடி புடவை விரித்துக் காட்டி, வாங்காமல் போனதை மடித்து வைக்கும் வேலை. புருஷன் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். இருமல் விடாமல் இருந்து பரிசோதித்தபோது அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மாத்திரை தொடங்கியாகிவிட்டது, ஆனால் ரத்தத்தில் வைரஸ் அடங்கக் கொஞ்ச காலம் ஆகும். அவளுக்கு நோய் இல்லை. மாதாமாதம் எங்களிடம் வந்து இல்லை என்று தெரிந்துகொண்டு போவாள். "வுட்டுட்டு எங்கக்கா போறது? அது நல்ல ஆளுதான். எனக்கு ஒட்டாம இருக்கணும், ஒரு கொயந்த பெத்துக்கணும், அவ்ளோதான்" என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள்.

பட்டையில் ரத்தம் வைத்த உடனே அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். அந்த இருபது நிமிடமும் வாய் மூடமாட்டாள். ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு கர்ச்சீப் வாங்கிப் போன மாமி, கல்யாணப் புடவைக்குச் சண்டை போட்ட இரண்டு சம்பந்திகள் என்று நடித்தே காட்டுவாள். நடுநடுவே, திரும்பிப் பார்க்காமல், "வந்திச்சா? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பாள். "இன்னும் நேரம் இருக்குடி" என்பேன். "சரி, அந்த ரெண்டு சம்பந்தியும் இன்னா பண்ணாங்கன்னா" என்று விட்ட இடத்தில் தொடங்குவாள். எனக்குச் சனிக்கிழமை என்றாலே அவள்தான்.

மூன்று மாதம் போயிற்று. ஸ்லைடுகளில் எண் மட்டும்தான் இருக்கும், யாருடையது என்று பார்க்கும்போது தெரியாது. எந்த எண்ணை எடுத்தாலும் குச்சியைக் காணோம். டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "எதிர்பார்த்ததைவிட ரொம்ப மோசமா இருக்கே, ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "அங்க தண்ணி அப்படி டாக்டர்" என்று ஏதோ கண்ணால் பார்த்தவள்போல் சொன்னேன். கோட்டூர்புரத்துத் தண்ணீரை நான் ஒரு வாய் குடித்ததுகூட இல்லை.

ஒரு சனிக்கிழமை, பட்டையில் ரத்தம் வைத்த பிறகு, அவள் சம்பந்திகளைப் பற்றிப் பேசவில்லை.

"இன்னாக்கா இது, ஒவ்வொரு வாட்டியும் டாக்டரம்மா மூஞ்சி ஒரு மாரி ஆவுது? என்னுது அவ்ளோ மோசமா கீதா?"

"மோசம்னு இல்ல. இருக்க வேண்டிய நல்ல கிருமி இல்ல."

"கிருமி எப்டிக்கா இருக்கும்? அதான் சுத்தமா கயுவிகினு வரேன்ல?"

"கழுவிட்டுன்னா?"

"தெரியாத மாரி கேக்குற பாரு. நீதான அட்டைல எய்திக்கீற, சுத்தமா வரணும்னு? அந்தப் பழுப்பு மருந்து கீதுல்ல, அத ஒரு மூடி தண்ணில ஊத்தி, உள்ள வரிக்கும் நல்லா கயுவிகினுதான் பஸ்ஸே ஏறுவேன். வர்ற பொண்ணுங்க அல்லாரும் அப்டித்தான்."

என் கையில் இருந்த பேனா நின்றுவிட்டது. "இங்க வர்ற அன்னிக்கு மட்டும்தானே?" என்று கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இல்லக்கா. என் ஆளு கிட்ட வர்ற அன்னிக்கெல்லாம் ஒட்னே எய்ந்து போய் கயுவிடுவேன். சில நாளு உறை போட மாட்டேன்னுது. இப்டி கயுவுனா அந்த வைரஸு செத்துப்பூடும்ல? அதுக்குதான். மருந்து எரியும், பொறுத்துக்குவேன்."

 தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பெண் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு செய்தது அத்தனையும் காவலை அடித்து விரட்டிவிட்டு வாசலைத் திறந்து வைக்கிற காரியம். அதற்கு என் கையெழுத்தில் ஓர் அட்டை வேறு. அன்றைக்கு அவளுக்கு ஒரே கோடுதான் வந்தது. அவள் கும்பிடு போட்டுவிட்டு எழுந்தாள். "போகாத, உக்காரு" என்று அவளை உட்காரவைத்துவிட்டு டாக்டரம்மா அறைக்குள் போனேன்.

அட்டையைப் பற்றிச் சொன்னேன். டிக் அடித்ததைச் சொல்ல அதைவிட நேரம் ஆயிற்று.

"அந்தக் கேள்வியை நீ கேக்கவே இல்லையா?"

"கேக்கல டாக்டர். வெட்கமா இருந்துச்சு."

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அட்டையில எழுத வெட்கமா இல்லை, கேக்க மட்டும் வெட்கமா இருந்துதா?" என்றார். அந்த மூன்று மாதப் படிவங்களைத் தனியாக எடுத்துவைக்கச் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு எழுந்து, வெளியே காத்திருந்தவளிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கழுவினால் வைரஸ் சாகாது என்பதையும், நல்ல கிருமிதான் சாகும் என்பதையும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு சுத்தமா வான்னது நீ. இன்னிக்கு கயுவாதன்றதும் நீங்கதான். எத நம்பறது? சும்மா சொல்லிக்கினு இருக்காத. காட்டு."

நியாயமான கேள்வி. டாக்டரம்மா தலையசைத்து, பதிவேட்டில் பார்த்து அவள் எண்ணைச் சொன்னார். அவளுடைய ஸ்லைடை எடுத்து வைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "சேப்பு சேப்பா மணல் கொட்டிக்கீது" என்றாள். "இதுவா என்னுது?" அவள் குரலில் கோபம் இருந்தது. ஜவுளிக்கடையில் யாராவது கறை பட்ட புடவையைத் திருப்பிக் கொண்டுவந்து தலையில் கட்டினால் அப்படித்தான் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

"சரி, நல்லா கீறவங்களுது எப்டி இருக்கும்? அதக் காட்டு."

இங்கேதான் நான் மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்தேன். "என்னோடத எடுங்க டாக்டர், நானே காட்டுறேன்" என்றேன். எனக்கு நோயில்லை, நொடியில்லை, படித்தவள், சுத்தமான வீடு. டாக்டரம்மா ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் மாதிரி எடுத்தார். சாயம் ஏற்றிக் காயவைத்து, "இப்ப பாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு முதலில் நான் குனிந்தேன்.

சிவப்புப் பொடி. மொய்மொய் என்று. பேருக்கு ஒரு குச்சிகூட இல்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் என்னைத் தோளால் நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.  அப்புறம் சிரித்தாள் பாருங்கள், கீழே ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். "அக்கா! நீயும் நம்ம கட்சிதானா! உன் வூட்லயும் அந்தப் பழுப்பு பாட்டிலு கீதா!" டாக்டரம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் சிரித்துவிட்டேன். கடைசியில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அலமாரியில் வைத்திருந்த ஒரு நல்ல ஸ்லைடை வைத்துத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஊதாக் குச்சிகளைப் பார்த்தோம்.

அன்று டாக்டரம்மா எங்கள் இருவருக்குமே ஒரே மாத்திரையை ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவளிடம் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். "குச்சி வந்தா காவல் வந்துதுன்னுதான் அர்த்தம். கவசம் இல்லை. உறை கட்டாயம். அவன் மாத்திரை ஒரு நாள்கூட தப்பக்கூடாது." அடுத்த வாரம் அவள் புருஷனையே கையோடு கூட்டிவந்து டாக்டரம்மா முன்னால் நிறுத்தினாள். உறை வேண்டாம் என்று இனி சொல்ல மாட்டேன் என்று அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

வீட்டில் நான் அந்தப் பாட்டிலை எடுத்துத் தரை துடைக்கிற வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன். "இனிமே இது தரைக்கு மட்டும்" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்லைடில் கண்டதைச் சொன்னேன். இந்த முறை ஹாலுக்குப் போகவில்லை. "அப்போ நான் சொல்லித்தந்தது எல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு யாரும் சொல்லலம்மா" என்றேன். நிஜமும் அதுதான்.

அந்த மாதம் முழுக்க எல்லாப் பெண்களையும் திரும்பக் கேட்டேன். ஆற்றோரத்தில் ஒரு வீட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். பழைய அட்டைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "நான் எழுதினது தப்பு, மன்னிச்சுக்கோங்க. நானும் உள்ள கழுவுறவதான், என்னோடதும் காலி" என்று போட்டு உடைத்தேன்.  அப்புறம் பிடித்துக்கொண்டது பேச்சு! ஒருத்திக்குப் படிகாரத் தண்ணி, ஒருத்திக்குத் துணி சோப்பு, ஒருத்தி மாமியார் சொல்லி எலுமிச்சம்பழம் வரைக்கும் போயிருக்கிறாள். கேட்கக் கூச்சப்பட்டு மூன்று மாதம் டிக் அடித்த கேள்விக்கு இரண்டு மணி நேரம் பதில் வந்தது. எழுதி எழுதிக் கை வலித்தது. வெளியே வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு, அடையாறு பாலத்தில் குதித்துக் குதித்து நடந்து வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் கிளினிக்குக்குள் நுழையும்போதே கேட்பாள், கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று விசாரிப்பதுபோல: "இன்னாக்கா, உன்னுது வந்திச்சா?" எனக்கு முதல் மாதம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. இரண்டாவது மாதம் எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து குச்சி. "எனக்கு முன்னாடி நீ முந்திக்கினியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பட்டையில் ஒரு கோடுதான் வந்துகொண்டிருந்தது. ஆனால் உறை இல்லாமல் வெறுமனே கழுவிக்கொண்டிருந்த அந்த நாட்களின் வினை இனிமேல்கூடத் தெரியலாம், மூன்று மாதம் தாண்டினால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். அந்த மாதங்களில் அவள் பேச்சில் ஜவுளிக்கடை குறைந்துகொண்டே வந்தது. நான் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது, என்னையறியாமல் அவளுக்கென்று ஒரு மணி கூடுதலாக உருட்டினேன்.

மூன்றாவது மாதச் சனிக்கிழமை. புருஷனுடைய ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டரம்மா மாதிரி எடுத்தார். நான் விரலில் குத்தி, பட்டையில் ரத்தத்தை வைத்து, இருபது நிமிடத்துக்கு மணியை வைத்தேன். அவள் வழக்கம்போல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். பேசவே இல்லை. கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "வா, சும்மா உக்காந்திருக்காத. உன் ஸ்லைடு காஞ்சிடுச்சு. நீயே வந்து பாரு" என்று இழுத்துக்கொண்டு போய் மைக்ராஸ்கோப் பக்கத்தில் உட்காரவைத்தேன். விதிப்படி நான் பார்த்து எழுதிய பிறகுதான் அவள் பார்க்கலாம். நானும் பார்த்தேன், எழுதினேன், வாயைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அப்புறம்தான் அவளுக்கு இடம் விட்டேன்.

அவள் குனிந்தாள். திருகைத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"அக்கா! குச்சிக்கா! ஊதாக் குச்சி! எம்மாம் கீது பாரேன்!"

"பார்த்தேன்டி, பார்த்தேன்!"

"இந்தாண்ட, அந்தாண்ட, அல்லாப் பக்கமும் கீதுக்கா! மணலு எங்க போச்சி? ஐயோ, ஷோக்கா கீதுக்கா! உன்னுத விட ஜாஸ்தி!"

"ஆமாம்டி, ஜாஸ்திதான்!" நான் அவள் முதுகில் தட்டிக்கொண்டே கத்தினேன். சத்தம் கேட்டு டாக்டரம்மா ஓடிவந்தார். அப்போது மணி அடித்தது.

பட்டை பக்கத்து மேசையில் இருந்தது. எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என் தோளை இறுக்கிப் பிடித்தார். ஒரே கோடு. சந்தேகமே இல்லாத ஒற்றைக் கோடு.

 பட்டையோடு அவளிடம் திரும்பி வந்தேன். "ஏய், இங்க பாரு" என்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை. ஒண்ணா ரெண்டா என்று கேட்கவும் இல்லை.

"இரு அக்கா, பேசாத" என்றாள், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "எண்ணிகினு கீறேன்."

பட்டையைக் கையில் பிடித்தபடி, அவள் எண்ணி முடிக்கும்வரை நின்றேன்.